மொழி யாருடைய உடைமை?

மனிதர் பேசும் மொழிகளுக்குப் பிறந்த நாள் கிடையாது. தமிழ் இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்னாரால் தொடங்கப்பட்டது என்று சொல்ல எவராலும் இயலாது. ஊற்றுக்கண் தெரியாத ஆற்றைப் போல அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கரையில் பிறந்தவர் அதைப் பருகி வளர்கின்றனர். கணினிக்கென மனிதன் படைக்கும் மொழிகளின் கதை வேறு. அவற்றுக்குத் தந்தை உண்டு. பிறந்த ஆண்டு உண்டு. பிறந்த வீடும் உண்டு. ஆயினும் ஒரு கட்டத்துக்குமேல் அவையும் தந்தையின் கையை விட்டு விலகி ஊரார் கைக்கு வந்துவிடுகின்றன. அவ்வாறு கைமாறும் காலம் எளிதாகக் கழிவதில்லை. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தை இரவெல்லாம் அழுது வீட்டாரையும் உறங்கவிடாததுபோல, வளரும் மொழியும் தானும் நொந்து தன்னை வளர்ப்போரையும் நோகச் செய்கிறது. அந்த நோவை அண்மைக் காலத்தில் மிகத் தெளிவாகக் காட்டிய மொழி ‘ரஸ்ட்’ என்பதாகும்.

கனடா நாட்டின் வான்கூவர் நகரில் கிரேடன் ஹோர் என்னும் நிரலாளர் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழ்ந்து வந்தார். 2006ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் வீடு திரும்பியபோது மின்தூக்கி இயங்கவில்லை. அதை இயக்கும் மென்பொருள் நிலைகுலைந்து நின்றுவிட்டது. அவ்வாறு நேர்ந்தது அது முதன்முறையும் அன்று. அவருடைய வீடு 21ஆம் மாடியில் இருந்தது. படியேறிக்கொண்டே, ஒரு மின்தூக்கியைக்கூட ஒழுங்காக இயக்கும் நிரலை எழுத நம்மவரால் இயலவில்லையே என்று அவர் மனம் புழுங்கினார் என்று சொல்லப்படுகிறது. மின்தூக்கி நின்றுபோன நாளில் மாடியேறிய எவருக்கும் அந்தச் சினம் விளங்கும். ஆனால் பெரும்பாலோர் சினத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுவர். ஹோர் கணினியைத் திறந்து புதியதொரு மொழியை வரையத் தொடங்கினார்.

அவருக்குச் சினமூட்டிய குறை, கணினி உலகின் பழைய நோய்களுள் ஒன்றாகும். ‘சி’, ‘சி பிளஸ் பிளஸ்’ என்னும் மொழிகள் விரைவுக்குப் பெயர்பெற்றவை. நினைவகத்தின் ஒவ்வோர் அறையையும் நிரலாளரே நேரடியாக ஆள அவை இடம்தருகின்றன. ஆனால் ஆளும் உரிமையோடு தவறும் உரிமையும் வந்துவிடுகிறது. காலி செய்துவிட்ட அறைக்குள் பழைய சாவியால் மீண்டும் நுழைவது, தன் எல்லையைத் தாண்டி அடுத்தவர் அறையில் எழுதிவிடுவது, ஒரே ஏட்டில் இருவர் ஒரே நேரத்தில் கிறுக்குவது ஆகிய பிழைகள் நிரல் ஓடும்போதுதான் வெளிப்படும். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019இல் கூறியது. 

ரஸ்ட் மொழி இதற்குக் கண்ட மருந்து ‘உடைமை’ என்னும் விதி. நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் உடைமையாளர் இருத்தல் வேண்டும். அவர் விடைபெறும்போது பொருளும் அகற்றப்படும். பிறர் அதைக் கடன் வாங்கலாம். ஆனால் கடனுக்கும் வரம்பு உண்டு. பார்க்க மட்டும் விரும்புவோர் எத்தனை பேரும் ஒருங்கே பார்க்கலாம். மாற்ற விரும்புபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். அவர் மாற்றும் வேளையில் வேறெவரும் அதைப் பார்த்தலும் ஆகாது. இவ்விதி மீறப்பட்டால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, அதை இயந்திர மொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பி மறுத்துவிடும். குடும்பச் சொத்துக்காக நீதிமன்றப் படியேறிய எவரும், உடைமையை முன்னரே வரையறுத்துவிடும் இந்த ஏற்பாட்டின் அருமையை உணர்வர்.

பெயரைக் கேட்டவுடன் இரும்பில் படியும் துரு நினைவுக்கு வரலாம். ஹோர் மனத்தில் கொண்டதோ, பயிர்களைப் பற்றும் துருநோய்க் காளான். எத்தகைய இடர் வந்தாலும் பிழைத்துக்கொள்ளும் அமைப்புப் பல அதற்கு உண்டு என்பதால் அப்பெயரை அவர் தேர்ந்தார். பின்னாளில் அந்தப் பெயர் தன் மக்களுக்கும் ஒரு பட்டத்தைத் தந்தது. நண்டு முதலிய ஓடுடைய உயிரினங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியொப்புமை கருதி, இம்மொழியினர் தம்மை ‘ரஸ்டேசியர்’ என்று அழைத்துக்கொண்டனர். ‘ஃபெரிஸ்’ என்னும் சிறு நண்டு அவர்களுடைய செல்லச் சின்னமாயிற்று. நண்டு ஓட்டைக் கழற்றித்தான் வளரும் என்பதும், கழற்றிய வேளையில்தான் அது மிகவும் நலிந்திருக்கும் என்பதும், சின்னத்தைத் தேர்ந்தவர்கள் எண்ணாமலே அமைந்துவிட்ட பொருத்தங்கள்.

ஹோர் பணிபுரிந்த மொசில்லா நிறுவனம் 2009இல் இம்முயற்சிக்கு ஆதரவளித்து, 2010இல் அதை உலகுக்கு அறிவித்தது. முதல் தொகுப்பி ‘ஒகேமல்’ என்னும் வேறொரு மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2011இல் ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்ட தொகுப்பி தன்னைத் தானே பெயர்த்துக்கொண்டது. ஒரு குழந்தை தன் பெயரைத் தானே எழுதிக் காட்டிய நாளுக்கு அதை ஒப்பிடலாம். 2012 சனவரியில் 0.1 என்னும் எண்ணிட்ட முதல் வெளியீடு வந்தது. அதன்பின் வந்த மூன்று ஆண்டுகள், நண்டு ஓடு கழற்றிய காலம்.

அந்நாளில் ரஸ்டில் நிரல் எழுதியவர்கள் மணலில் வீடு கட்டியவர்களே. ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் முந்தைய விதி ஏதேனும் ஒன்று மாறும். சென்ற திங்களில் ஓடிய நிரல் இத்திங்களில் ஓடாது. பொருள்களின் உடைமை வகையைக் காட்ட வழங்கிய குறிகள் 2014இல் நீக்கப்பட்டன. பல பணிகளை ஒருங்கே நடத்துவதற்கென மொழி தன்னோடு சுமந்துவந்த இலேசான இழைகளின் அமைப்பும் அதே காலத்தில் இறக்கி வைக்கப்பட்டது. அதை விரும்பி வந்தவர்கள் வருந்தினர். ஆனால் அந்தச் சுமை இறங்கியதால்தான் மிகச் சிறிய கருவிகளுக்குள்ளும் இயக்குதளங்களுக்குள்ளும் நுழையும் வலிமை இம்மொழிக்கு வாய்த்தது. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதைவிட எதை விடுவது என்று முடிவு செய்வது வளரும் பருவத்தில் கடினமானது.

இவ்வளவுக்கும் நடுவே, 2013இல் ஹோர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தந்தை வீட்டை விட்டுப் புறப்பட்டபோது குழந்தை இன்னும் தன் காலில் நிற்கப் பழகவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 2023இல், அவர் தம் எண்ணத்தை வெளிப்படையாக எழுதினார். தாம் விரும்பிய ரஸ்ட் வேறு, இன்று உலகில் வழங்கும் ரஸ்ட் வேறு என்றும், பல செய்திகளில் தம் கருத்து ஏற்கப்படவில்லை என்றும் அவர் மறைக்காமல் கூறினார். அதே வேளையில், தம் விருப்பப்படி வளர்ந்திருந்தால் அதற்கு எதிர்காலம் இருந்திராது என்றும் ஒப்புக்கொண்டார். பெற்றவருக்கு இத்தகைய நேர்மை வாய்ப்பது அரிது.

தந்தை விலகிய வீட்டில் முடிவெடுப்பது யார்? இந்த வினாவுக்கு விடையாக 2014இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. ‘கருத்துக் கோரல்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். மொழியில் பெரிய மாற்றம் ஒன்றை விரும்புபவர், அவர் ஊதியம் பெறும் பொறியாளராயினும் பள்ளி மாணவராயினும், தம் முன்மொழிவை ஓர் ஆவணமாக எழுதுதல் வேண்டும். மாற்றம் ஏன் தேவை என்பதோடு, அதன் தீமைகள் யாவை, வேறு வழிகள் யாவை என்பவற்றையும் அவரே எழுதுதல் வேண்டும். தம் கருத்துக்கு எதிரான வழக்கைத் தாமே முன்வைக்கப் பணிக்கும் இந்த ஒழுங்கு போற்றத்தக்கது. பின்னர் எல்லாரும் காண விவாதம் நடைபெறும். உரிய குழு, இறுதிக் கருத்துகளுக்கெனப் பத்து நாள் தவணை அறிவித்து முடிவெடுக்கும். வெளியில் பேசப்படாத புதிய காரணம் ஒன்றைக் காட்டி உள்ளே முடிவெடுத்தல் கூடாது என்பதும் கொள்கையாக ஏற்கப்பட்டது.

2015 மே 15ஆம் நாள் 1.0 வெளியீடு வந்தது. அதனோடு ஒரு வாக்குறுதியும் வந்தது. இனி ஒரு நிலையான வெளியீட்டில் ஓடிய நிரல் அடுத்த வெளியீடுகளிலும் ஓடும் என்பதே அது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு புறப்படும். ஓர் ஏற்பாடு முற்றாவிட்டால் அதற்காக வெளியீடு காத்திராது; அந்த ஏற்பாடு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும். வாக்கைக் காக்க, உலகெங்கும் பொதுவில் வெளியிடப்பட்ட ரஸ்ட் நிரல் தொகுப்புகளைப் புதிய தொகுப்பியால் பெயர்த்துப் பார்த்து எவை உடைகின்றன என்று கண்டறியும் ‘கிரேட்டர்’ என்னும் கருவியும் ஆக்கப்பட்டது. பழைய நிரலை உடைத்தே தீரவேண்டிய மாற்றங்களுக்கு ‘பதிப்பு’ என்னும் வாயில் திறக்கப்பட்டது. 2015, 2018, 2021, 2024 எனப் பதிப்புகள் வந்தன. விரும்புவோர் புதிய பதிப்புக்கு மாறலாம். மாறாதவருடைய நிரலும் அதே தொகுப்பியில் ஓடும். இரு பதிப்புகளில் எழுதியவை ஒன்றோடொன்று கலந்தும் இயங்கும்.

இதன் பெறுமதியை அறிய ‘பைத்தன்’ மொழியின் பட்டறிவை நோக்கினால் போதும். அதன் மூன்றாம் பதிப்பு 2008 திசம்பரில் வந்தது. முந்தைய பதிப்போடு அது முழுதும் ஒத்திசையவில்லை. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளில்தான் முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகள் ஒரே மொழியினர் இரு வீட்டில் குடியிருந்தனர். அம்மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம், ஒரு சிறு எழுத்துமுறை மாற்றத்தைப் பற்றிய கடும் விவாதத்துக்குப் பின், 2018 சூலையில் தலைமையைத் துறந்தார். மாற்றம் ஏற்கப்பட்டது, ஏற்கவைத்தவர் களைத்துவிட்டார். கூட்டு முயற்சிகளில் கணக்கேட்டில் ஏறாத செலவு இதுதான்.

அந்தச் செலவை ரஸ்ட் மக்களும் செலுத்தினர். ஒரு பணி முடியக் காத்திருக்கும் வேளையில் நிரல் வேறு பணியைக் கவனிக்க உதவும் ‘அவெய்ட்’ என்னும் சொல்லை எங்கே எழுதுவது என்பது 2018, 2019 ஆண்டுகளில் பெரும் வழக்காயிற்று. பிற மொழிகளில் உள்ளதுபோல் முன்னே எழுதுவதா, புள்ளியிட்டுப் பின்னே எழுதுவதா? நூற்றுக்கணக்கான கருத்துகள் குவிந்தன. ஏற்பாட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளச் சிலரால்தான் முடியும்; சொல்லின் இடம் பற்றிக் கருத்துரைக்க எல்லாராலும் முடியும். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் மண்டபத்தின் அடித்தளம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிட, கதவுக்குப் பூசும் வண்ணத்தைப் பற்றி நள்ளிரவுவரை பேசுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. மொழிக்குழு இறுதியில் பின்னே எழுதும் முறையைத் தேர்ந்தது. 2019 நவம்பர் 7ஆம் நாள் அது வெளிவந்தது. எதிர்த்தவருட் பலரும் பழகியபின் அதை ஏற்றனர். ஆனால் ஒவ்வொரு கருத்தையும் படித்துப் பொறுமையோடு விடையிறுத்த சிலருடைய மாலைப் பொழுதுகள் திரும்பி வரவில்லை.

2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பேரைப் பணியிலிருந்து நீக்கியது. ரஸ்ட் பணியில் ஈடுபட்டிருந்தவர் பலரும் அவர்களுள் அடங்குவர். பிறந்த வீட்டின் கூரை இற்றுவிழுந்த கணம் அது. வேறு பல மொழிகள் அத்தகைய கணத்தில் மறைந்து போயிருக்கும். ரஸ்ட் மறையவில்லை, ஏனெனில் அதற்குள் அது ஒரு நிறுவனத்தின் பிள்ளையாக இல்லாமல் ஊரின் பிள்ளையாகிவிட்டது. 2021 பெப்ரவரி 8ஆம் நாள் ரஸ்ட் அறக்கட்டளை அறிவிக்கப்பட்டது. அமேசானின் கணினிச் சேவைப் பிரிவு, கூகுள், ஹுவாவே, மைக்ரோசாப்ட், மொசில்லா ஆகிய ஐந்தும் தொடக்க உறுப்பினர்களாயின. பணமும் பெயருரிமையும் அறக்கட்டளையின் பொறுப்பு. மொழியின் போக்கு தன்னார்வலர் குழுக்களின் பொறுப்பு என்று வகுக்கப்பட்டது.

கூரை கிடைத்தது, ஆயினும் வீட்டுக்குள் ஒழுங்கு நிலைக்கவில்லை. அன்பும் மதிப்பும் நிறைந்த நடத்தையைக் கோரும் நன்னடத்தை விதிகளைத் தொடக்க நாள்களிலிருந்தே இச்சமூகம் வைத்திருந்தது. அவற்றைக் காக்கும் நெறியாளர் குழுவினர் அனைவரும் 2021 நவம்பரில் ஒருசேரப் பதவி விலகினர். உயர்மட்ட மையக்குழு தனக்குத் தானே தவிர வேறெவருக்கும் பொறுப்புடையதாக இல்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. எல்லாருக்கும் விதி உண்டு, விதியை நடத்துவோருக்கு மட்டும் இல்லை என்னும் நிலை அரசுகளிலும் சங்கங்களிலும் காணப்படும் பழைய பிணியே. இடித்துரைக்கும் துணையைப் பெறாத மன்னன் பகைவர் இல்லாமலே அழிவான் என்று கருதிய வள்ளுவர், மன்னனை மட்டுமா எண்ணியிருப்பார்?

2023 ஏப்ரலில், மொழியின் பெயரையும் சின்னத்தையும் யார், எங்கே, எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கான வரைவு ஒன்றை அறக்கட்டளை வெளியிட்டது. பல ஆண்டுகளாகத் தம் கருவிகளுக்கும் கூட்டங்களுக்கும் அப்பெயரை உரிமையோடு சூட்டிவந்தவர்கள், திடீரென இசைவு கேட்க நேருமோ என்று கொதித்தனர். அடுத்த மாதமே மற்றொரு காயம். ஆண்டு மாநாட்டில் தலைமையுரை ஆற்ற அழைக்கப்பட்ட ஒருவரின் உரை, அவரோடு கலந்து பேசாமலே சாதாரண உரையாகத் தாழ்த்தப்பட்டது. அவர் மாநாட்டிலிருந்து விலகினார். அவருக்கு இழைக்கப்பட்டது தகாது என்று கருதிய வேறு சிலரும் தம் பொறுப்புகளைத் துறந்தனர். யார் முடிவெடுத்தார், எந்த அதிகாரத்தால் எடுத்தார் என்று கேட்டபோது தெளிவான விடை கூறும் அமைப்பு இல்லை. திறந்த ஆவணம், இறுதித் தவணை என்று இலக்கணத்துக்கு வகுத்த ஒழுங்கை மனிதருக்கு வகுக்க மறந்திருந்தனர்.

நினைவகத்தின் ஒரு சிற்றறைக்குக்கூட உடைமையாளர் யார் என்பதை நிரல் ஓடும் முன்பே வற்புறுத்திக் கேட்கும் மொழி அது. ஆனால் அந்த மொழியே யாருடைய உடைமை என்ற கேள்வி பல ஆண்டுகளாக விடையின்றிக் கிடந்தது. விதி இல்லாத இடத்தில் பலர் ஒரே ஏட்டில் ஒருங்கே எழுதினர். பிழை ஓடும்போதுதான் வெளிப்பட்டது. வெளிப்பட்டபின் அவர்கள் அதை மூடிமறைக்கவில்லை என்பதே பாராட்டுக்குரியது. நடந்தவற்றுக்குப் பொறுப்பேற்று மன்னிப்புக் கோரினர். 2023 சூனில் மையக்குழு கலைந்து, ஒவ்வொரு பெருங்குழுவும் தன் சார்பாளரை அனுப்பும் தலைமை மன்றம் தோன்றியது. அந்த மன்றத்தின் அமைப்பும் கருத்துக் கோரல் ஆவணமாகவே எழுதப்பட்டு, எல்லாரும் காண விவாதிக்கப்பட்டது.

அதனால் நோவு தீர்ந்துவிட்டதா? இல்லை. 2024 சூலையில் வந்த 1.80 வெளியீட்டில் நூலகத்துக்குச் சேர்க்கப்பட்ட சிறிய வசதி ஒன்றால், நாளும் நேரமும் கணிக்கப் பலர் பயன்படுத்திய ஒரு தொகுப்பின் பழைய வெளியீடுகள் பெயர்க்க முடியாதவையாயின. வாக்கு மீறப்பட்டதா, வாக்கின் எழுத்தில் அதற்கு இடம் இருந்ததா என்று வழக்காடினர். லினக்ஸ் இயக்குதளத்தின் கருவுக்குள் 2022 திசம்பரின் 6.1 வெளியீட்டோடு ரஸ்ட் அடியெடுத்து வைத்தது. ஆனால் அங்கே முன்னின்று உழைத்த ஒருவர், நுட்பத்துக்குப் புறம்பான பூசல்களால் மனம் சலித்து 2024 ஆகஸ்டில் விலகினார். முப்பதாண்டு பழகிய வீட்டுக்கு மருமகளாக வரும் மொழிக்கு அத்தனை எளிதில் அடுப்பங்கரை கிடைத்துவிடுமா?

இவ்வளவையும் படிப்பவர், இந்தத் தொல்லை எதற்கு, ஒருவரே ஆண்டு ஒருவரே முடித்தால் என்ன என்று கேட்கக்கூடும். அதற்கு விடை பெரிய ஆவணங்களில் இல்லை. மிகச் சிறிய ஓரிடத்தில் இருக்கிறது. ரஸ்ட் தொகுப்பி ஒரு நிரலை மறுக்கும்போது, பிழை எங்கே, ஏன் பிழை, எப்படித் திருத்தலாம் என்று எடுத்துக்கூறும் செய்தி வேறு பல மொழிகளில் காணக் கிடைக்காத தெளிவுடையது. அச்செய்தி புரியாமல் ஒருவர் குழம்பினால், குற்றம் அவருடையதன்று, செய்தியுடையது என்று இச்சமூகம் கொள்கிறது. குழப்பும் செய்தியும் திருத்தவேண்டிய பிழையாகவே பதிவு செய்யப்படுகிறது. நேற்று மொழியைக் கற்கத் தொடங்கிய ஒருவர், “இது எனக்கு விளங்கவில்லை” என்று ஒரு வரி எழுதுகிறார். எங்கோ ஒரு தன்னார்வலர் அதைப் படித்துச் சொற்களை மாற்றுகிறார். அடுத்துவரும் வெளியீடு ஒன்றில், அதே இடத்தில் தடுக்கி விழும் மற்றொருவருக்கு அந்தத் திருந்திய சொற்கள் கைகொடுக்கின்றன. அறிஞர் மட்டும் கூடிய அவையில் அந்த முதல் வரி எழுதப்பட்டிராது. விளங்காதவர் அங்கே அமர்ந்திருக்க மாட்டார்.

ஆதலின் உடைமை பற்றிய வினாவுக்கு ஓரளவு விடை கூறலாம். பெயரும் பணமும் அறக்கட்டளையிடம் இருக்கட்டும். முடிவு குழுக்களிடம் இருக்கட்டும். மொழியோ, அதைத் தூக்கிச் சுமப்பவர்களிடம் கடனாகவே இருக்கிறது. கடன் வாங்கியவர் அதைத் தமக்குப் பின்வருவோரிடம் கெடாமல் ஒப்படைத்தல் வேண்டும். தாமும் முறிந்துபோகாமல் ஒப்படைத்தல் வேண்டும். முதலாவதைக் காக்கத் தொகுப்பியும் கிரேட்டரும் பதிப்புகளும் உள்ளன. இரண்டாவதைக் காக்க இன்னும் எந்தக் கருவியும் ஆக்கப்படவில்லை. களைத்தவரைக் கண்டு, இன்று நீர் இளைப்பாறும், நாளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு மனிதர்தான் வரவேண்டியிருக்கிறது.